80-ஐத் தாண்டினால் உதறும் கார்: பழுது எங்கே என்று பார்ப்பது எப்படி?

"80-ஐத் தாண்டினா ஸ்டீயரிங் உதறுதுண்ணே."

"அலைன்மென்ட், பேலன்சிங் பண்ணிடலாம் சார்."

டயர் கடை வாசலில் இந்தப் பேச்சு இதற்கு மேல் நீள்வது அபூர்வம். பல நேரம் அது பலித்தும் விடுகிறது. ஓட்டத்தில் வரும் உதறலுக்கு முதல் சந்தேகம் சக்கரத்தின் மேல்தான் விழ வேண்டும் என்பது சரியே. பலிக்காதபோதுதான் சிக்கல். அடுத்து டை ராட் எண்ட், அதற்கடுத்து ஷாக் அப்சார்பர், பிறகு நான்கு புது டயர் என்று பில் ஏறிக்கொண்டே போகும். உதறல் மட்டும் வண்டியை விட்டு இறங்காது.

இப்படி ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதற்குப் பெயர் பழுது கண்டுபிடிப்பதல்ல. காரில் வரும் அதிர்வு எதுவானாலும், சுழலும் அல்லது வெடிக்கும் ஏதோ ஒன்றின் தாளத்தில்தான் வரும். அது எதன் தாளம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதிர்வு வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்குகிறதா, இன்ஜின் ஆர்பிஎம்மோடு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு) ஏறி இறங்குகிறதா, இல்லை ஆக்ஸிலரேட்டரையோ பிரேக்கையோ மிதிக்கும்போது மட்டும் வருகிறதா? ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஓட்டுபவருக்குக் கொஞ்சம் பொறுமையும் நல்ல சாலையும் இருந்தால் போதும்.

மூன்று தாளங்கள்

185/65 ஆர்15 அளவு டயரை எடுத்துக்கொள்வோம். ஸ்விஃப்டின் உயர் வகைகளிலும் இன்னும் பல ஹேட்ச்பேக்குகளிலும் இதே அளவுதான். இதன் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 27.8 மீட்டர் ஓடுகிறது என்றால், சக்கரம் நொடிக்கு 14 முறைக்குச் சற்று மேல் சுற்றுகிறது. சுலபமாக நினைவு வைத்துக்கொள்ள, வேகத்தை 7-ஆல் வகுத்தால் போதும். 70-இல் 10 சுற்று, 84-இல் 12. ஸ்கார்ப்பியோ போன்ற பெரிய வண்டிகளின் டயருக்கு 8-ஐ ஒட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். சக்கரத்தில் உள்ள கோளாறு நொடிக்கு இத்தனை முறைதான் உதைக்கும்.

இன்ஜினின் கணக்கு வேறு. 3,000 ஆர்பிஎம் என்றால் கிராங்க் ஷாஃப்ட் நொடிக்கு 50 முறை சுற்றுகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஆக நொடிக்கு 100. மூன்று சிலிண்டரில் சுற்றுக்கு ஒன்றரை, நொடிக்கு 75. சிறிய பெட்ரோல் கார் ஒன்று ஐந்தாவது கியரில் 100-இல் போகும்போது இன்ஜின் ஏறத்தாழ இந்த வேகத்தில்தான் ஓடும். அதே நொடியில் சக்கரத்துக்கு 14, இன்ஜினுக்கு 75 அல்லது 100. உடம்புக்கு இரண்டும் வேறுவேறாகவே தெரியும். சக்கரத்தின் உதறலைக் கைகளும் இடுப்பும் எண்ணிவிடும் போலிருக்கும். இன்ஜினின் அதிர்வு சுர்ரென்று பாதத்திலும் கியர் லீவரிலும் ஏறும், பாதி காதில் விழும்.

மூன்றாவது, பின்சக்கர இழுவை வண்டிகளுக்கு மட்டும் உரியது. பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா, ஈகோ போன்றவற்றில் இன்ஜினிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட் ஓடுகிறது. டிஃபரன்ஷியல் அதன் வேகத்தை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைத்துச் சக்கரத்துக்குத் தருவதால், சக்கரம் 12 முறை சுற்றும் நேரத்தில் இந்த ஷாஃப்ட் 48 முறை சுற்றிவிடும். அதில் கோளாறு வந்தால் ஸ்டீயரிங் உதறாது. தரையும் சீட்டும் ரீங்கரிக்கும், உள் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரியும்.

சாலையில் செய்யும் சோதனை

முதலில் சாலையை மாற்றிப் பாருங்கள். கான்கிரீட் பலகைகளின் இணைப்புகளும், தேய்ந்து வரிவரியாகிப்போன தாரும் நல்ல வண்டியையும் நோயாளியாகக் காட்டும். வேறு சாலையிலும் அதே வேகத்தில் அதே உதறல் இருந்தால்தான் வண்டியைக் குறை சொல்ல வேண்டும்.

நேரான, போக்குவரத்து குறைந்த நாற்கரச் சாலையில் உதறல் தெளிவாக வரும் வேகத்துக்குப் போய், காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுங்கள். சட்டென்று நின்றுவிட்டதா? அப்படியானால் அது சுமை ஏறும்போது வரும் அதிர்வு. ஆக்ஸில் ஜாயின்ட், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் பக்கம் பார்க்க வேண்டும். நிற்கவில்லையா? கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, இன்ஜினை ஐட்லிங்குக்கு விட்டு வண்டியைச் சில நொடிகள் ஓட விடுங்கள். அப்போதும் அதே உதறல் தொடர்ந்தால் இன்ஜினும் கிளட்சும் கணக்கிலிருந்து விலகிவிட்டன. மிச்சம் டயர், ரிம், சக்கரம் மாட்டப்படும் ஹப், பேரிங், ஆக்ஸில், பின்சக்கர இழுவை வண்டியில் புரொப்பல்லர் ஷாஃப்ட்தான். இந்தச் சோதனையில் இன்ஜினை ஆஃப் செய்யவே கூடாது. பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் கைவிட்டுவிடும். மலை இறக்கத்தில் இதை முயல்வதும் கூடாது.

அடுத்தது கியர் சோதனை. 80-இல் ஐந்தாவது கியரில் அதிர்கிறதா? அதே 80-இல் நான்காவதுக்கு மாற்றுங்கள். வண்டியின் வேகம் மாறவில்லை, ஆர்பிஎம் மட்டும் ஏறிவிட்டது. அதிர்வு அப்படியே இருந்தால் சக்கரப் பக்கம். மறைந்தாலோ வேறு குணமாக மாறினாலோ இன்ஜின் பக்கம். உறுதிப்படுத்த, வண்டியை நிறுத்தி நியூட்ரலில் அதே ஆர்பிஎம்முக்கு ரேஸ் செய்து பாருங்கள். நிற்கும் வண்டி அதிர்ந்தால் டயர் கடைக்குப் போக வேண்டிய வேலையே இல்லை.

இவ்வளவும் சேர்த்துக் கால் மணி நேரம். இதைச் செய்துவிட்டு, "85 முதல் 105 வரை, ஸ்டீயரிங்கில், காலை எடுத்தாலும் போகவில்லை, பிரேக் போட்டால் கூடவில்லை" என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் சர்வீஸ் அட்வைசர் பேசும் விதமே வேறாக இருக்கும்.

சக்கரம் என்னும் முதல் சந்தேகம்

ரிம்மின் விளிம்பில் 30 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்கும் வேலைதான் பேலன்சிங்; அதில் ஒட்டிய எடை ஒன்று விழுந்துவிட்டால் இந்த அளவு சர்வசாதாரணம். 100 கி.மீ. வேகத்தில் அந்த 30 கிராம் சக்கரத்தைச் சுமார் 4.6 கிலோ எடைக்கு நிகரான விசையோடு இழுக்கிறது. மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, நொடிக்கு 14 தடவை. 50-இல் இதே விசை ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமே தெரியாத கார் பைபாஸ் ஏறியதும் நடுங்குவது இதனால்தான்.

ஆனால் இந்தக் கணக்கு மட்டும் உண்மை என்றால் 120-இல் உதறல் இன்னும் மோசமாக வேண்டும். பலருக்கு நடப்பது வேறு: 80-இல் தொடங்கி 100-இல் உச்சத்துக்குப் போய், 115-இல் குறைந்துவிடுகிறது. "வேகமாப் போனா சரியாயிடுது" என்று பெருமைப்படுபவர்களும் உண்டு. டயர், ஹப், சஸ்பென்ஷன் கை எல்லாம் சேர்ந்த தொகுதிக்கு இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் அது 10 முதல் 15 ஹெர்ட்ஸுக்குள், அதாவது நொடிக்கு 10 முதல் 15 முறைக்குள், இருக்கும். சக்கரத்தின் சுழற்சி அந்த எண்ணைத் தொடும் வேகத்தில் சிறு உதையும் பெரிதாகிவிடும், தாண்டியதும் அடங்கும். 7-ஆல் வகுக்கும் கணக்குப்படி 10 முதல் 15 ஹெர்ட்ஸ் என்பது 70 முதல் 105 கி.மீ. வேகம். குறிப்பிட்ட வேகப் பட்டையில் மட்டும் வரும் உதறல் என்றாலே முதலில் பேலன்சிங் என்று சொல்வது இதனால்தான். அடங்கிவிட்டது என்பதற்காகக் கோளாறு போய்விட்டது என்று அர்த்தமில்லை. விசை கூடிக்கொண்டேதான் இருக்கிறது, பேரிங் அதை வாங்கிக்கொண்டிருக்கிறது.

முன் சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கில் தெரியும், பின் சக்கரம் என்றால் சீட்டிலும் தரையிலும் தெரியும். இந்த விதி பெரும்பாலும் பொய்ப்பதில்லை. சந்தேகம் இருந்தால் முன் சக்கரங்களைப் பின்னாலும் பின்னவற்றை முன்னாலும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். உதறல் ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் குற்றவாளி டயரோ ரிம்மோதான். ஸ்டெப்னியை மாட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். பல கார்களின் உயர் வகைகளில் ஸ்டெப்னி மட்டும் சிறிய அளவாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு 100-இல் சோதனை செய்யக்கூடாது.

இனி பேலன்சிங் பற்றி. மெஷின் 0 – 0 காட்டியதும் வேலை முடிந்தது என்று நம்புகிறோம். அந்த மெஷின் ரிம்மின் மையத் துளையில் ஒரு கூம்பைச் செருகிச் சக்கரத்தைப் பிடிக்கிறது. கூம்பு தவறான அளவு என்றாலோ, துளையில் துரு படிந்திருந்தாலோ, சக்கரம் மெஷினிலேயே கோணலாக உட்காரும். கோணலாக உட்கார்ந்த சக்கரத்துக்குத் தவறான இடத்தில் எடை ஒட்டப்படும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. 0 வந்த பிறகு சக்கரத்தைத் தளர்த்தி, அரைச் சுற்றுத் திருப்பி மாட்டி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். மீண்டும் 0 அல்லது 5 கிராம் வந்தால் சரி. 20, 25 என்று வந்தால் முதலில் வந்த 0-வுக்கு மதிப்பே இல்லை. இதைச் செய்யச் சொன்னால் சில கடைகளில் முகம் சுளிப்பார்கள். சுளிக்காத கடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எடை ஒட்டும் முன் ரிம்மின் உட்பக்கம் கழுவப்பட வேண்டும். மழைக்காலத்தில் அங்கே காய்ந்து அப்பிய சேறு மட்டுமே பேலன்சைக் கெடுக்கப் போதுமானது; பிரஷர் வாஷில் சேறு பாதி போய்விட்டால் நேற்றுச் சரியாக இருந்த சக்கரம் இன்று உதறும். டியூப்லெஸ் டயரில் பஞ்சருக்காக ஊற்றும் திரவமும் அடியில் தேங்கி இதையே செய்யும். பஞ்சர் ஒட்டும் பிளக் சில கிராம்தான், அதைச் சந்தேகிக்க வேண்டாம்.

ஷோரூமுக்கு வெளியே வாங்கிப் போட்ட அலாய் வீல் என்றால் இன்னொரு கேள்வி உண்டு. கம்பெனி ரிம்மின் மையத் துளை ஹப்பின் விளிம்பில் கச்சிதமாக உட்காரும். சந்தையில் கிடைக்கும் அலாய்கள் பல மாடல்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பெரிய துளையோடு வருகின்றன. 54.1 மி.மீ. ஹப்பில் 73.1 மி.மீ. துளையுள்ள ரிம்மை மாட்டினால் சக்கரத்தை மையத்தில் நிறுத்துவது நட்டுகள் மட்டும்தான். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் விற்கிறார்கள். பணம் கொட்டி அலாய் போட்டவர்கள் விலை குறைந்த இந்த வளையத்தை விட்டுவிடுவதும், பிறகு மாதக்கணக்கில் உதறலோடு அலைவதும் ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் உதறினால் டயரையே பார்க்க வேண்டும். எடை சமமாக இருக்கும் டயர் விறைப்பில் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளே ஓரிடத்தில் இழைகள் கூடுதலாக மடிந்திருந்தால் அந்த இடம் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் வண்டியை மேலே தள்ளும். சாதாரண பேலன்சிங் மெஷினில் டயர் காற்றில் சுற்றுவதால் இது தெரியவே தெரியாது. உருளை ஒன்றால் டயரைப் பலமாக அழுத்தியபடி சுற்றி அளக்கும் மெஷின்கள் உண்டு. சில பெரிய கடைகளில் மட்டும்தான் இருக்கும்.

இதைவிட ஆபத்தானது உள்ளே எஃகுப் பட்டை பிரிந்த டயர். அது 40, 50-இலேயே தூக்கித் தூக்கிப் போடும், நாளுக்கு நாள் கூடும். வண்டியை நிறுத்தி டயர் சூடு ஆறியபின் உள்ளங்கையால் அதன் முகத்தை முழுதும் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மேடு தட்டுப்பட்டால் அந்த டயரில் நெடுஞ்சாலை ஏறக்கூடாது. பக்கவாட்டில் முட்டை போலப் புடைத்திருந்தாலும் அதே தீர்ப்பு. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (டயர் முகத்தின் வரிகள்) நன்றாக இருக்கிறதே என்று வயதான டயரை ஓட்டுவதில் மிச்சப்படுவது ஒன்றுமில்லை.

வெளியூர் போய் வாரக்கணக்கில் நின்ற வண்டியை எடுத்ததும் உதறினால் பதற வேண்டாம். தரையில் அழுந்தியிருந்த பகுதி தட்டையாகியிருக்கும். டயர் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காற்றில்லாமல் மாதக்கணக்கில் நின்றது என்றால் தட்டை நிரந்தரமாகவும் வாய்ப்புண்டு.

அலைன்மென்ட் உதறலைச் சரிசெய்யாது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பிசகினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். அப்படி மேடுபள்ளமாகத் தேய்ந்த டயர் பிறகு இரைச்சலும் அதிர்வும் தரும் என்பது உண்மை. ஆனால் அதற்குள் கெட்டுப்போன டயரை எந்த அலைன்மென்ட்டும் மீட்டுத் தராது. இரண்டையும் ஒரே பில்லில் ஒரே விலைக்கு விற்பதால் இரண்டும் ஒரே நோய்க்கு மருந்து என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது.

பேரிங் தேய்ந்தால் உதறலைவிட உறுமல்தான் முதலில் வரும். வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது உறுமல் கூடினால் வலது பேரிங்கைப் பாருங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிவது பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட்.

பிரேக் மிதித்தால் மட்டும்

சும்மா ஓடும்போது அமைதியாக இருந்து, வேகத்தில் பிரேக் போட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, பெடல் காலைத் தள்ளித் தள்ளி விடுகிறது என்றால் பிரச்சினை முன் டிஸ்க்கில். ஸ்டீயரிங்கில் ஒன்றுமில்லாமல் வண்டி மட்டும் அதிர்ந்தால் பின் டிரம் வட்டம் தப்பியிருக்கலாம். திடீர் பிரேக்கில் பெடல் கடகடவென்று உதைப்பது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம், அது பழுதல்ல.

"டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்று மெக்கானிக் சொல்வார். உண்மையில் டிஸ்க் வளைவதைவிட, அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறிப்போவதுதான் அதிகம். 0.02 மி.மீ. வித்தியாசமே காலுக்குத் தெரியும். A4 தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு அது. இந்த வித்தியாசம் வரும் வழி சுவாரசியமானது. டிஸ்க் மாற்றும்போது ஹப்பின் முகத்தில் இருந்த துருவைச் சுரண்டாமல் புதிய டிஸ்க்கை மாட்டிவிட்டால், அது மிக மிக லேசாகக் கோணி நிற்கும். அன்றைக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் பிரேக் போடாத நேரத்திலும் டிஸ்க்கின் ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் பேடை உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அந்த இடம் மட்டும் மெலிந்து, நடுக்கம் தொடங்கும். அதற்குள் பழைய பில்லை யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. டிஸ்க் மட்டரகம் என்று அதன் தலையில் பழி விழும். துருவைத் துடைக்காமல் மறுபடியும் புதுசு மாட்டினால் கதை மறுபடியும் அதேதான். நட்டுகளை ஏர் கன்னால் கண்டபடி இறுக்குவதும் டிஸ்க்கை இப்படிக் கோண வைக்கும்.

மலையேறி இறங்குபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. இறங்கும்போது சின்ன கியரில் இன்ஜினைப் பிடிக்க விடாமல் பிரேக்கிலேயே வந்தால் டிஸ்க் கடுமையாகச் சூடேறும். அடிவாரச் செக்போஸ்ட்டில் நிறுத்தி, காலை பிரேக்கிலேயே அழுத்தி வைத்திருந்தால் பேடின் பொருள் அந்த இடத்தில் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். பேடின் வடிவத்தில் ஒரு தழும்பு. அதற்குப் பின் ஒவ்வொரு பிரேக்கிலும் அந்தத் தழும்பு தட்டும். சூடாக இறங்கிய வண்டியைச் சற்று உருட்டியபடியே நிறுத்தி, சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கோ கியரோ போட்டுக் காலை எடுத்துவிடுவது நல்லது. லேத்தில் டிஸ்க்கைக் கடைந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். கடைந்த பிறகு அதற்கு மேல் இருந்தால் தாராளமாகக் கடையலாம், இல்லாவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் மட்டும்

முன்சக்கர இழுவைக் காரில் மேம்பாலம் ஏறும்போதோ, 40-இலிருந்து 80-க்கு இழுக்கும்போதோ வண்டி இடவலமாக ஆடி, காலை எடுத்த கணத்தில் நின்றுவிட்டால், ஆக்ஸிலின் உள் ஜாயின்ட்டைப் பாருங்கள். கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் இந்த ஜாயின்ட்டுக்குள் பெரும்பாலும் மூன்று உருளைகள் இருக்கும். சுமை ஏறும்போது அவை தேய்ந்த பள்ளத்தில் சிக்கிச் சிக்கி நகரும். சக்கரம் ஒருமுறை சுற்றும் நேரத்தில் மூன்று உதை. வெளி ஜாயின்ட் தேய்ந்தால் அறிகுறி வேறு: ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வரும். இரண்டுக்கும் எமன் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்தான். அது கிழிந்து கிரீஸ் வெளியேறி மணல் புகுந்தால் ஜாயின்ட் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்தடைக்குப் பயந்து ஸ்பிரிங் நடுவே ரப்பர் பஃபர் வைத்து வண்டியை உயர்த்தியவர்கள் கவனிக்க வேண்டும்: உயரம் கூடினால் ஜாயின்ட் வேலை செய்யும் கோணமும் கூடும், நல்ல ஜாயின்ட்டும் உதற ஆரம்பிக்கலாம்.

பின்சக்கர இழுவை வண்டியில் இதே இடத்தில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட்டும், நடு பேரிங் உள்ள வண்டியில் அதன் ரப்பரும் வரும். ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் இரு பக்கமும் அடையாளம் போட்டு, அதே நிலையில் மாட்ட வேண்டும். வேறு வேலைக்காகக் கழற்றி மாட்டிய மறுநாள் புதிதாக அதிர்வு வந்தால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சிக்னலில் முதல் கியரில் எடுக்கும்போது மட்டும் தடதடத்தால் கிளட்ச். கிளட்ச் பிளேட்டில் ஆயில் கசிந்திருக்கலாம், பிரஷர் பிளேட் சூட்டில் கருகியிருக்கலாம். கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி வண்டிகளிலும் உள்ளே இருப்பது அதே கிளட்ச்தான். மேட்டில் பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் அதைத் தின்றுவிடும்.

நிற்கும்போதும் அதிர்ந்தால்

ஏசி போட்டு சிக்னலில் நிற்கும்போது கதவும் டேஷ்போர்டும் கிடுகிடுவென்று ஆடி, கொஞ்சம் ரேஸ் செய்தால் நின்றுவிடுகிறதா? இன்ஜின் மவுன்ட் முதல் சந்தேகம். ரப்பர் வெடித்தோ, திரவம் நிரம்பிய மவுன்ட்டாக இருந்தால் கசிந்தோ போயிருக்கும். பானட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, அனுபவமுள்ள ஒருவர் கிளட்சைப் பாதி விட்டுப் பிடிக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்தால் இன்ஜின் எவ்வளவு துள்ளுகிறது என்று தெரியும். யாரும் வண்டிக்கு நேர் முன்னால் நிற்கக் கூடாது. அதிர்வு ஒரு நிமிடம் வந்து ஒரு நிமிடம் போனால் ரேடியேட்டர் ஃபேன் ஓடும் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று கவனியுங்கள். ஃபேனின் ஓர் இறக்கை உடைந்திருந்தாலே போதும்.

மூன்று சிலிண்டர் இன்ஜினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆல்டோ கே10, டியாகோ, க்விட், 2024-இல் வந்த புதிய ஸ்விஃப்ட் எல்லாம் மூன்று சிலிண்டர்தான். இந்த அமைப்பில் பிஸ்டன்களின் மேல்கீழ் விசைகள் ஒன்றையொன்று சமன் செய்துவிட்டாலும், இன்ஜினை முன்னும் பின்னும் தொட்டிலாட்டும் திருகு விசை ஒன்று மிச்சமிருக்கும். நான்கு சிலிண்டரிலிருந்து மாறி வருபவருக்கு ஐட்லிங்கில் அது தெரியத்தான் செய்யும். சர்வீஸ் சென்டரில் "இது நார்மல் சார்" என்பார்கள். அதை நம்புவதா வேண்டாமா என்று குழம்ப வேண்டாம். அதே மாடல், அதே இன்ஜின் உள்ள இன்னொரு வண்டியைக் கேட்டு வாங்கிப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல ஆடினால் அது வண்டியின் குணம்.

மிஸ் ஃபயர் அப்படியல்ல. 800 ஆர்பிஎம் ஐட்லிங்கில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 6.7 முறை வெடிக்க வேண்டும். அதில் ஒன்று வெடிக்காமல் போனால் நொடிக்கு 6.7 முறை ஒரு குலுக்கல். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேல்கீழ் அதிர்வை மிக அதிகமாக உணர்வது ஏறத்தாழ 4 முதல் 8 ஹெர்ட்ஸுக்குள் என்பதால், எந்த ஓட்டுநரும் இதைத் தவறவிட மாட்டார். பிக்கப்பும் போய்விடும். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் என்ற வரிசையில் தேடலாம். வண்டியின் கணினியிலுள்ள பழுதுக் குறியீட்டைப் படிக்கும் மலிவான ஓபிடி கருவியைச் செருகிப் பார்க்கும்போது பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. அந்த சிலிண்டரின் காயிலை இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டு, பழுதும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்த்தால் காயில் விலையைக் கொடுக்கும் முன்பே பதில் கிடைக்கும். செக் இன்ஜின் விளக்கு மினுக்கினால் அந்த நிலையில் இழுத்து ஓட்டக்கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் போய் எரிந்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

கைபேசியே போதும்

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் கைபேசியில் இருக்கும் அதிர்வு உணரியைப் பயன்படுத்தலாம். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில், அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும் வசதி இருக்கிறது. ஓட்டுபவர் தொடவே கூடாது. பக்கத்தில் இருப்பவர், கைபேசியைத் தரையிலோ சீட்டின் இரும்புப் பட்டையிலோ அசையாமல் அழுத்தி வைத்துப் பதிவு செய்ய வேண்டும். டேஷ்போர்டு ஸ்டாண்டில் மாட்டினால் ஸ்டாண்டின் ஆட்டம்தான் பதிவாகும். நொடிக்கு 100 முறை அளக்கும் உணரி 50 ஹெர்ட்ஸ் வரைதான் காட்டும். சக்கரத்துக்கு அது தாராளம். இன்ஜின் வெடிப்புக்கு ஐட்லிங் வரை போதும். 98 கி.மீ. வேகத்தில் 14-இல் கூர்மையான முகடு தெரிந்தால் சக்கரம். 70-க்கு வேகத்தைக் குறைத்ததும் முகடு 10-க்கு நகர்ந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. சக்கர எண்ணின் மூன்று மடங்கில் நின்றால், முன்பே சொன்ன உள் ஜாயின்ட். அந்த வரைபடத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சர்வீஸ் சென்டரில் காட்டினால், ஓட்டிப் பார்த்துவிட்டு "எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

இத்தனை சோதனைக்கும் முன்னால் வர வேண்டிய ஒன்று இருக்கிறது. பஞ்சர் போட்டோ, டயர் மாற்றியோ, பேலன்சிங் செய்தோ வந்த அன்றோ மறுநாளோ புதிதாக உதறல் தொடங்கி, குறைந்த வேகத்திலும் டொக் டொக்கென்று கேட்டால், 7-ஆல் வகுத்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஓரம் கட்டி நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும் சக்கரத்தைத் தூக்கி, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். போல்ட் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் அந்த ரிம்மில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய எந்த வேலைக்குப் பிறகும் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை வைத்து ஒருமுறை சரிபார்க்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் நியூட்டன் மீட்டர் கணக்கில் அச்சாகியிருக்கும்.